கணவாய் ரோட்டில் அப்பாவின் பெட்டி

ஆர்ட்டவின், ஸ்காட்லாந்து
9 மார்ச் 1971

அன்பு மகன் லாக்லனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் சுகத்தை மட்டும் இப்போது கேட்காதே. அப்பாவை அடக்கம் செய்தாகிவிட்டது. நியூசிலாந்திலிருந்து உன்னால் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதை நினைத்து உருகாதே. ஊரார் எழுதி நீ அறிவதைவிட நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நம் கணவாய் ரோட்டை உன் டார்க்கில் சித்தப்பா காட்டிக்கொடுத்துவிட்டார். உருளைக்கிழங்கு அழுகின பஞ்சத்தில் ஓட்ஸ் மாவுக்காக நம் ஆட்கள் கல்லுடைத்துப் போட்ட ரோடு, படகுத்துறையில் தொடங்கிக் கருப்பு ஏரியைச் சுற்றிக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் கில்மோரா கல்லறையில் இறங்கும், ஊரில் செத்தவர்கள் எல்லோரும் தோள்மேல் போனது அதில்தான், பெட்டியை இறக்கி ஆள் மாற்றிய இடமெல்லாம் கற்குவியல் இருப்பது உனக்கே தெரியும். மலையை வாங்கிய புதுத் துரை, மான் வேட்டைக்கு இடைஞ்சல், ரோட்டை அடைக்க வேண்டும் என்று கேட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் சித்தப்பா எழுந்து நின்று, அந்த வழியா யாருங்க போறா, ஆடுகூடப் போறதில்ல என்று சொல்லிவிட்டார். தன் அப்பாவை அதே ரோட்டில் சுமந்த தோள் அது. தட்டாமல் கதவைத் திறந்து வந்து என் கையால் சூப் வாங்கிக் குடித்த மனிதர். இப்போது இரும்பு கேட் போட்டுப் பூட்டியாயிற்று, சாவி வைத்திருக்கும் வேலையும் அவருக்கே கிடைத்தது. அப்பா அதன்பிறகு தம்பி பெயரை வாயில் எடுக்கவில்லை. கடைசியாக என்னிடம் கேட்டது, என்னை நம்ம ரோட்டுலயே தூக்கிட்டுப் போகச் சொல்லு என்பதுதான்.

பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுவது நம் வழக்கம். நான் நிற்கவில்லை, பெட்டிக்குப் பின்னாலேயே போனேன். கேட் பக்கத்தில் சித்தப்பா கறுப்புக் கோட்டும் சாவியுமாக நின்றார். அண்ணி, இன்னிக்கு மட்டும் திறந்துவிடுறேன், துரைகிட்ட கேட்டுட்டேன், பெரிய மனசு பண்ணிச் சரின்னுட்டாரு என்றார். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, ஆனால் தயவுக்குத் திறந்த கேட் வழியாகப் போனால் அது துரை ரோடு என்று நாமே ஒத்துக்கொண்டதாகும், அது தெரியும். வேண்டாம் என்றேன். கொல்லர் முர்டோ, செத்தவனை அவன் ரோட்டுலயே விருந்தாளியாக்கப் பாக்கறியாடா, தள்ளி நில்லு, சாவி குத்திடப் போவுது என்றார். ஆண்கள் பெட்டியைக் கேட்டின் மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கைமாற்றினார்கள், அப்பா ஒரு பக்கம் சாயக்கூட இல்லை. நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன்.

குழியில் பெட்டியை இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுடையது, மகன் இல்லாவிட்டால் தம்பியுடையது. சித்தப்பா பின்னாலேயே வந்து கையை நீட்டினார். அவர் கைக்குப் போகுமுன் நான் எடுத்துக்கொண்டேன். பெண் கயிறு பிடித்து யாரும் பார்த்ததில்லை, தடுக்க வாயெடுத்த போதகர் வேதத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். ரொம்பக் கனம் லாக்லன், ஆனாலும் உன் கயிற்றை நான் நழுவவிடவில்லை.

பசுவை முர்டோ பார்த்துக்கொள்கிறார். உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். கர்த்தர் உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும். நீ வரும்போது பஸ் சுற்றிவரும் ரோட்டில் வராதே, கில்மோராவில் இறங்கி அப்பாவைப் பார்த்துவிட்டுக் கணவாய் வழியாக நடந்து வா. சித்தப்பாவிடம் சாவி கேட்காதே. ஏறிக் குதித்து வா.

உன் அம்மா
ஷோனா