நீங்கள் ஏறாத கதிரை

மச்சாள்,

நேற்றைய மழைத் தூவானத்தில், கதவு மூலையில் நின்ற உங்கள் ஊன்றுதடி நனைந்துவிட்டது. துடைக்க எடுத்தேன். நுனியில் காய்ந்து கிடந்த மண் கரைந்து உகண்டாக் காட்டின் வாசம் வந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

உங்கள் தம்பி, என் கணவர், போன பிறகு உரும்பிராய் வீட்டில் நாங்கள் இருவரும்தான். தொலைக்காட்சியில் கொரில்லா வந்தால் சோற்றுக் கோப்பையோடு முன்னுக்குப் போய்விடுவீர்கள். "கண்ணை மூட முதல் உவையை ஒருக்கா நேரிலை பாக்கவேணும்" என்பீர்கள். உகண்டாவில் வேலை செய்யும் என் மகன் அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டான்.

மலையே இல்லாத ஊரில் பிறந்த எங்களுக்கு என்ன ஏற்றம் அது! கையை நீட்டினால் பத்து மரம், பத்தும் வேறு சாதி. மரத்தில் பாசி, பாசியில் பூ. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு வந்தீர்கள். அரைவழியில் முழங்கால் கைவிட்டது. வழிகாட்டி, தடிகளில் கட்டிய கதிரை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நாலு பேர் தோளில் தூக்குவார்களாம்.

"பாரும், எனக்குப் பல்லக்கு வருது! நீர் பின்னாலை சாமரம் வீசிக்கொண்டு வாரும்" என்று சிரித்தீர்கள்.

எனக்குப் பாடைதான் தெரிந்தது. "உயிரோடை இருக்கிற ஆளை நாலு பேர் தூக்கிறதோ? உதிலை ஏறாதேங்கோ மச்சாள், கூடாது!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். மகன் சொல்லியும் கேட்கவில்லை. உங்கள் சிரிப்பு அணைந்தது.

"சரி, விடும். நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும்" என்று ஒரு வேரில் இருந்துவிட்டீர்கள். பொதி சுமப்பவர் ஒருவரை உங்களோடு விட்டுவிட்டு நான் போனேன்.

திரும்பி வந்தபோது, "என்ன, கண்டனீரோ?" என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"பெரிசா ஒண்டுமில்லை. பத்தைக்குள்ளை ஒரு கறுப்பு முதுகு தெரிஞ்சது."

"அப்ப எனக்கு ஒரு நட்டமும் இல்லை" என்றீர்கள்.

போன மாதம் உங்களை நாலு பேர் தூக்கினார்கள். படலையடியில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

நான் சொன்னது பொய், மச்சாள். எங்கள் கிணற்றடிக்கும் குசினிக்கும் உள்ள தூரத்தில் ஒரு தாய்க் கொரில்லா இருந்தது. மடியில் குட்டி, தன் காலைத் தானே பிடித்து விளையாடியது. தாய் அதற்குப் பேன் பார்த்தது. நீங்கள் எனக்குப் பார்ப்பது போலவே, நகத்தால், அவசரமில்லாமல். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கீழே வேரில் நீங்கள் இருப்பது நினைவு வந்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பார்வை உங்களுக்கு வரவேண்டியது. அதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?