பெயின்ட் ஷாப்பின் ஒன்பது பெட்டிகள்

செப்டம்பர் 8, திங்கள்

ரயில்வே கேட் அடைத்து ஷேர் ஆட்டோ இருபது நிமிடம் நின்றதில் இன்றும் தாமதம். ராஜாமணி சார் திட்டவில்லை. ஐ.டி. மேனேஜர் திட்டாமல் இருந்தால் வேறு ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

வந்தது. அக்டோபர் 7 அன்று ஆடிட். நம்மிடம் பெடல் வாங்கும் கார் கம்பெனி ஆள் அனுப்புகிறதாம். அறுபத்து மூன்று கேள்விகள். நாற்பத்தொன்றாவது என் தலையில்: நெட்வொர்க் சாதனங்களின் பேக்கப் எந்த முறையில் அனுப்பப்படுகிறது, அது பாதுகாப்பானதா?

"நீதானம்மா அத பாத்துக்கினு இருக்க. நல்லதா ஒண்ண செலக்ட் பண்ணி மாத்திட்டு எழுதிக் குடு" என்றார். கூடவே, ஆடிட் முடிந்ததும் நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்றார். என் ஒப்பந்தம் அக்டோபர் 31-ல் முடிகிறது.

ஒவ்வொரு சாதனத்தின் அமைப்பையும் எழுதி வைத்த கோப்புதான் பேக்கப். அது டிஎஃப்டிபி என்ற பழைய முறையில் சர்வருக்குப் போகிறது. இரண்டு வருடம் முன்பு, சேர்ந்த முதல் வாரத்தில், "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று நானே போட்டது. அது ஆள் பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. யார் கேட்டாலும் கொடுக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று சோதித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குப் போய், அங்கிருந்து ஒரு சுவிட்சின் கோப்பைக் கேட்டேன். இரண்டு விநாடியில் வந்துவிட்டது. உள்ளே அந்தச் சுவிட்சின் பாஸ்வேர்டு. பூட்டி வைத்த மாதிரி ஒரு பாவனை, அவ்வளவுதான். அதைத் திறந்து காட்ட இணையத்தில் நூறு பக்கங்கள் இருக்கின்றன. நாற்பத்தாறு சுவிட்சுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் என் வேலைதான்.

கோப்பின் பெயர் தெரியாமல் கேட்க முடியாதே என்று ஒரு நிமிடம் ஆறுதல் பட்டேன். பெயர் என்ன? ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான் மஞ்சள் லேபிளில் அடித்து ஒட்டியிருக்கும் அதே பெயர்.

செப்டம்பர் 11, வியாழன்

எந்த முகவரிக்கு எந்தக் கோப்பு போனது என்று சர்வர் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்தேன்.

செப்டம்பர் 4, மதியம் 2:10. பெயின்ட் ஷாப் பக்கத்து நெட்வொர்க் முகவரி ஒன்று பெயின்ட்-1 முதல் பெயின்ட்-9 வரை ஒன்பது சுவிட்சின் கோப்புகளையும் வரிசையாகக் கேட்டு வாங்கியிருக்கிறது. அன்று அந்த நேரம் நான் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் கேம்பஸ் தேர்வுக்கு உதவியாகப் போயிருந்தேன். நான் எடுக்கவில்லை. அது வெளியாட்கள் வந்தால் லேப்டாப் சொருகும் இடம்.

யார்? எதுக்கு? ஒன்பது மட்டும் ஏன்?

கான்டீனில் சாம்பார் சாதத்தைப் பாதியிலேயே கொட்டிவிட்டு வந்தேன். யாரிடமாவது சொல்லணும். சொன்னா முதல் கேள்வி என்ன வரும்? கதவ யாரு தொறந்து வச்சதுன்னு. நான்தான். நானேதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் மாரிசெல்வி கேட்டாள்: "ஏட்டி, ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்க?" சுவிட்ச் பிரச்சினை என்றேன். "எலக்ட்ரீசியனக் கூப்பிட வேண்டியதான" என்றாள். அது விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை, மெஷின்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடு ஒன்று பேச வைக்கும் பெட்டி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முடிவு செய்தாயிற்று.

கோப்பு அனுப்பும் மற்ற முறைகளில் எஃப்டிபி வேண்டாம். அது பாஸ்வேர்டு கேட்கும், ஆனால் அதையே எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்துப் போகும். எஸ்சிபி நல்லதுதான், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும், புதிய சர்வர்கள் அதைக் கைவிட்டுக்கொண்டும் வருகின்றன. கடைசியில் எஸ்எஃப்டிபிதான். ஆள் யாரென்று கேட்கும், வழி முழுக்க மறைத்துக் கொண்டுபோகும், யார் எதை எடுத்தார்கள் என்று பெயரோடு எழுதி வைக்கும். அன்றைக்கே இது இருந்திருந்தால் எடுத்தது யாரென்று பெயரே தெரிந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு சுவிட்ச் மாறிவிட்டன. மீதி ஒன்பது மாறவில்லை. மாறாது. பெயின்ட் ஷாப்பின் பழைய பெட்டிகளுக்கு எஸ்எஃப்டிபி என்றால் என்னவென்றே தெரியாது. டிஎஃப்டிபி மட்டும்தான் பேசும்.

சாரிடம் போனேன். "புது சுவிட்ச் இந்த வருசம் பட்ஜெட்ல இல்லம்மா. நாப்பத்தாறும் எஸ்எஃப்டிபின்னு எழுதிடு. எவன் போயி ஒண்ணொண்ணா பாக்கப் போறான்?"

எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

அத்தனை பாஸ்வேர்டையும் மாற்றினேன். டிஎஃப்டிபியை நிறுத்தினேன். ஆடிட்டர் கண்ணில் அந்தப் பழைய பேக்கப் ஃபோல்டர் பட்டால்? லாக் பட்டால்? இரண்டையும் அழித்தேன், குப்பைத் தொட்டியிலும் மிச்சமில்லாமல். அழித்த பிறகு அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பழையபடி.

செப்டம்பர் 24, புதன்

இன்றைக்கு பெயின்ட் ஷாப்பில் சுவிட்சைத் தொட்ட ஒவ்வொருவனையும் திருடன் மாதிரிப் பார்த்தேன். ஒருவர் சிரித்து வணக்கம் வைத்தார். எதற்குச் சிரித்தார்?

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜைக்கு மதியமே லைன் நிறுத்தியாயிற்று. பிரஸ் மெஷினிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை கழுவித் துடைத்து சந்தனம், குங்குமம். சர்வர் ரேக்குக்கும் வாழை இலையில் பொரி. பூசணிக்காய் உடைத்தார்கள். மெயின் பவரை இறக்கிவிட்டார்கள், இனி வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டுக்குத்தான் ஏற்றுவார்கள்.

நானும் கும்பிட்டேன். மாட்டிக்காம காப்பாத்துன்னு கும்பிட்டேன். வேற எதுவும் தோணல.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் பவர் ஏற்றினார்கள். பெயின்ட்-4 உயிரோடு இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் மறந்து வெறும் பெட்டியாக எழுந்திருக்கிறது. கன்வேயர் நிற்கிறது. முப்பது பேர் கை கட்டி நிற்கிறார்கள். போன வருடம் பூஜை முடிந்து பெயின்ட்-7 இதே மாதிரி மறந்தது, பேக்கப்பிலிருந்து நான்தான் ஏற்றினேன். அது எப்படி எனக்கு ஞாபகமே வரவில்லை? பயத்தில் மூளை எங்கே வேலை செய்தது.

பேக்கப் இல்லை. எஸ்எஃப்டிபியில் அந்த ஒன்பதும் கிடையாது. பழையதை நானே அழிச்சாச்சு. ரேக்கு முன்னாடி நின்னேன். அழக்கூட வரல.

பின்னால் கன்னியப்பன் அண்ணன் வந்தார். பெயின்ட் ஷாப் மெயின்டனன்ஸ், இந்தப் பக்கத்து ஊர்க்காரர், அன்று சிரித்து வணக்கம் வைத்தவர்.

"இன்னாத்துக்குமா இப்டி நிக்கிற? நாலுதான போச்சி? எங்கைல கீது" என்று பேன்ட் பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியோடு கோர்த்த பென் டிரைவை எடுத்தார்.

ஒன்பது கோப்புகளும் இருந்தன. தேதி செப்டம்பர் 4.

"நீங்களா எடுத்தீங்க?"

"வருசா வருசம் பூஜ முடிஞ்சா ஒரு பொட்டி மறந்துடுது. உனுக்கு போன் பண்ணி நீ வர்றதுக்குள்ள லைன் பூடுது. போன வருசம் நீ தட்டுனத பின்னால நின்னு பாத்துக்கினே இருந்தேன். லேப்டாப்ப சொருகி, லேபிள பாத்து ஒவ்வொண்ணா கேட்டேன், குட்துச்சி."

அதிலிருந்த கோப்பைப் பெயின்ட்-4-ல் ஏற்றினேன். ஏழே காலுக்கு லைன் ஓடியது. நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். மூன்று வாரமாக நான் பயந்த திருடன் இவர்தான். அழுது முடித்ததும் வேறு பயம் வந்தது: நான் மாற்றும் வரை நாற்பத்தாறு சுவிட்சையும் திறந்த ஒரு பாஸ்வேர்டு, அவர் சாவிக்கொத்தில் ஒரு மாதமாக ஷேர் ஆட்டோவில் போய் வந்திருக்கிறது. அது யார் கையிலும் கிடைத்திருக்கலாம். கொடுத்தது நான்.

அக்டோபர் 6, திங்கள்

நாளை ஆடிட். என் கையெழுத்தோடு நாற்பத்தாறு என்ற பொய் அந்தத் தாளில் இருக்கிறது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

முதலில் கன்னியப்பன் அண்ணனிடம் போனேன். பென் டிரைவ் உள்ளே கொண்டுவருவதே தடை. மெமோ வரலாம். "உங்க பேரச் சொல்லலாமாண்ணே?"

"சொல்லேன். நானா பூட்ட ஒட்ச்சேன்? கேட்டேன், குட்துச்சி. போய் சொல்லு." அந்த மனிதனுக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால்.

புதிய தாளில் எழுதினேன்: முப்பத்தேழு எஸ்எஃப்டிபி. ஒன்பதுக்கு இல்லை. பழைய பேக்கப்பையும் லாக்கையும் அழித்தது நான். செப்டம்பர் 4 அன்று அந்த ஒன்பதையும் எடுத்தது கன்னியப்பன். சாரிடம் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"உன் காண்ட்ராக்ட நீயே கிழிச்சிக்கினியேம்மா" என்றார். ஆனால் அந்தத் தாளைத்தான் ஃபைலில் வைத்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

நாற்பத்தொன்றாவது கேள்விக்கு ஆடிட்டர் குறை என்று எழுதினார். சரிசெய்ய அறுபது நாள். அவர் அறிக்கையில் இன்னும் பதினோரு குறைகள் இருந்தன, ஒன்றுகூட என்னுடையதில்லை என்பதை வெட்கமில்லாமல் எண்ணிப் பார்த்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

நிரந்தரம் இல்லை. டிசம்பர் 31 வரை நீட்டிப்பு. "அந்த ஒன்பது முடியற வரைக்கும்" என்றார் ஹெச்.ஆர். கன்னியப்பன் அண்ணனுக்கு ஒரு மெமோ. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ வாங்கித் தந்தார்.

நவம்பர் 19, புதன்

வழி கிடைத்தது. பெயின்ட் ஷாப் ரேக்கிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பழைய பெட்டிகள் அதனோடு மட்டும், தனி கேபிளில், அவற்றுக்குத் தெரிந்த பாஷையில் பேசட்டும். வாங்கியதை அது எஸ்எஃப்டிபியில் சர்வருக்கு அனுப்பும். ரேக்குக்குப் பூட்டு. கேபிள் இழுக்க அண்ணன் வந்தார். இன்றோடு ஒன்பதில் நான்கு முடிந்தது.

ஒன்பதும் முடிந்தால் நான் எதற்கு? இந்த நினைப்பு வரும்போதெல்லாம் கை தானாக மெதுவாகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

ஒன்பதாவது மதியம் முடிந்தது. மாதக் கடைசி வரை சொல்லாமல் இழுத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. நாலு மணிக்கு சார் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

எழுந்து என்னோடு பெயின்ட் ஷாப்புக்கு வந்தார். ஒவ்வொன்றின் பேக்கப்பாக எடுத்துக் காட்டச் சொன்னார், ஒன்பதையும். அறைக்குத் திரும்பியதும், "உக்காரும்மா" என்றார். இரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இந்தப் பழசெல்லாம் தூக்கிட்டு புதுசு வாங்க அப்ரூவல் வந்திருக்கு. எந்த மாடல்னு நீயே எழுது. ஜனவரி கடைசில வந்து இறங்கும், நீதான் நின்னு மாட்டணும்."

ஜனவரி என்றுதான் சொன்னார், என் நீட்டிப்போ டிசம்பர் 31 வரைதான். காதில் சரியாக விழுந்ததா என்று பயமாக இருந்தது. திரும்பக் கேட்கவில்லை. பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தேன்.