நோர்வே பாட்டுக்காரியின் நீளச் சட்டை

1993 மே, சனி இரவு. கோட்-டெ-நெய்ஜ், எங்கள் வீடு.

ஐரோப்பா முழுக்கப் பார்க்கிற பாட்டுப் போட்டியில் இன்றைக்கு நோர்வே பாடியது. முன்னுக்கு நின்று பாடியது வேறு ஆள். பின்னுக்கு நின்று பாட்டைத் தூக்கி நிறுத்தியது ஒஸ்லோவில் இருக்கிற என் மருமகள் வதனி. குரல் அவளுக்கு என் பக்கத்தால் வந்தது.

மேடையில் பாடப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து தாய்க்காரி, என் அக்கா, அவளோடு பேச்சில்லை. "அரைகுறை உடுப்போடை உலகத்துக்கு முன்னாலை நிக்கப்போறாள்" என்று ஒரே புலம்பல். நான்தான் இழுத்துவந்து பிரெஞ்சு ரீவி சனலுக்கு முன்னால் இருத்தினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம். வயர் லூஸ் என்று சொல்லிக்கொண்டு ரீவிக்குப் பக்கத்திலேயே நின்றேன். சட்டை கட்டையென்றால் என் வண்டி வயிற்றால் மறைத்துவிடலாம்.

"தள்ளி நில்லடா, நீயே பாடப்போறாய்?" என்றா அக்கா.

நோர்வே வந்தது. வதனியின் சட்டை கழுத்தில் தொடங்கிக் கணுக்கால் மட்டும் இருந்தது. அப்பாடா! ஒஸ்லோவுக்குப் போன் எடுத்து நான்தான் அப்படித் தைக்கச் சொன்னேன் என்று உடனே ஒரு போடு போட்டேன். அக்கா ரீவிக்குக் கிட்டப் போய்ச் சட்டையையே உற்றுப் பார்த்தா.

ராத்திரி வதனி போன் எடுத்தாள். தையல் பக்டரியில் வேலை செய்கிற அக்கா, என் கையிலிருந்து போனைப் பறித்தா.

"பிள்ளை, அந்தச் சட்டையை எவள் தைச்சவள்? தோள் ரெண்டும் ஏறி நிக்குது. அளவைச் சொல்லு, நான் தைச்சு அனுப்புறன்."

இப்போது இடுப்பளவுக்கு வந்திருக்கிறார்கள். நான் படுக்கப்போகிறேன்.