அக்காவுக்குப் பதில் ஆள்

பிப்ரவரி 3, திங்கள்

பகலெல்லாம் வெயில், இப்போது பனி. நாளை கணக்கு மாதிரித் தேர்வு. ஒன்றும் படிக்கவில்லை.

நூல் மூட்டை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறியும் ஓடும்வரை பயமில்லை. தறி நின்றால் அப்பா சாப்பிட வருகிறார் என்று அர்த்தம். நோட்டு உடனே மூட்டைக்கு அடியில்.

சுதா அக்கா நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள். இன்று காலை பத்துக்குத்தான் வந்தாளாம். அடுத்த ஷிப்ட் நர்ஸ் வரவில்லை. மாற்று ஆள் வராமல் வார்டை விட்டு நகரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடமாக இதையே சொல்கிறாள்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது செருப்போடு படுத்திருந்தாள். கழற்றிவிட்டேன். கால் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுகிறது. கண்ணைத் திறக்காமலே, "எத்தனாவது பெட்டுங்க?" என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கணக்கு போச்சு. ஐந்து மார்க் கேள்வி இரண்டு விட்டேன். பேனா வேறு கசிந்தது.

அக்காவுக்கு அரசு சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலைக்கு அழைப்பு. வரும் திங்கள் சர்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினல் எல்லாம் ஆஸ்பத்திரி பீரோவில். பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங், பதிவுச் சான்று. சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்று கேட்டிருக்கிறாள். நர்சிங் சூப்பிரண்டு மேடம் (இனி சூ. என்று எழுதுகிறேன், யாராவது எடுத்துப் படித்தால் வம்பு) சொன்ன பதில்: "உனக்குப் பதிலா ஒரு ஆளை நிறுத்திட்டு வாங்கிட்டுப் போ."

அம்மா கத்தினாள். "அவ படிச்ச படிப்பு, அவ பேரு. இதென்ன அக்குரமம்!"

அப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "இதுல என்ன அக்குரமம்? நம்ம தறிப் பட்டறையிலயும் அதானே பேச்சு."

உண்மைதான். எங்களிடம் தறி ஓட்டிய முருகேசன் அண்ணன் போர் போடும் ரிக் வண்டிக்குப் போகிறேன் என்றபோது அப்பா இதையே சொன்னார். அவர் செல்வியக்காவை, தன் மனைவியை, நிறுத்திவிட்டுப் போனார். நாலு வருடமாக எங்கள் நாலு தறியையும் ஓட்டுவது செல்வியக்கா. எனக்கு இதுவரை அது தப்பாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நான் கேட்காமலே அம்மா பஜ்ஜி போட்டாள். அப்போதே சந்தேகம்.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே துணி எடுக்கும்போது கேட்டது. சூ. வழி சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்காரர்களே நர்சிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஜூனில் என்னை அங்கே சேர்க்க வேண்டும். சனிக்கிழமை நான் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அக்காவின் சர்டிபிகேட் கைக்கு வரும். அப்பா போனில் சரி சொல்லிவிட்டாராம்.

அம்மா: "நம்மூட்டுல இன்னொன்னு இருக்குதுன்னு அந்தம்மாளுக்கு எப்பிடித் தெரியும்?"



அக்கா: "நாந்தான் சொன்னேன்."

துணியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். சட்டை மண்ணில் விழுந்ததற்குத் திட்டு வேறு.

எனக்குப் பயம் ஊசி இல்லை, ரத்தம் இல்லை. அக்கா மாதிரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுவரைப் பார்ப்பது. போன மாதம் ஒரு நாள் சொன்னாள்: "ஒரு தாத்தா செத்துட்டாரு யமுனா. எனக்குப் பசிச்சுது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் அடிப்பேன் என்பதுபோல.

என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இது வேண்டாம் என்பது மட்டும் தெரியும். பதில் இல்லாதவளைத் தூக்கிக் கொடுப்பது சுலபம்.

பிப்ரவரி 7, வெள்ளி

தேர்வு முடிந்து மதியமே விட்டார்கள். அம்மா சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கொடுத்து அக்காவிடம் அனுப்பினாள். பஸ்ஸில் ஏறும்போது குழம்பு கொட்டி பாவாடை பூராவும் புளி வாசம்.

பெண்கள் வார்டு. இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். அக்கா அடுத்த நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனாள். தாளைப் பார்க்கவே இல்லை. "மூணாம் பெட்டு, சர்க்கரை திடீர்னு இறங்குது, ராத்திரி பாத்துக்கங்க. ஏழு, மகன் வரலன்னு அழுவாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க போதும். பதினொன்னு, மாத்திரையத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெக்கும் இந்தப் பெரியம்மா."

"அடி போடி, போலீசுக்காரி!" என்றது பதினொன்று. அக்கா சிரித்தாள். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டே பல மாதம் ஆகிறது. எல்லாவற்றையும் அங்கே செலவழித்துவிட்டு வருகிறாள்.

மருந்து வண்டியில் சாய்ந்து ஒரு பெண். நீல யூனிபார்ம், பவித்ரா என்று பெயர்ப் பட்டை. அந்த நர்சிங் ஸ்கூலில் முதல் வருடம். என்னைவிட ஒரு வயதுதான் கூட இருக்கும்.

"சுதாக்கா, இன்னைக்காவது கிளாஸ் இருக்குதுங்களா?"

"இல்ல சாமி. வார்டுதான்."

"நேத்தும் வார்டுதானுங்க."

ஏழாம் பெட் அம்மா சொன்னார்: "இந்தப் புள்ள நின்னுக்கிட்டே தூங்குது, எங்கூட்டு எருமையாட்ட." எல்லோரும் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்தாள், கண்ணை மூடிக்கொண்டே.

நான் அவளையே பார்த்தேன். அக்கா என்னையே பார்த்தாள்.

அக்காவுக்கு இன்னும் நோட்டு எழுதும் வேலை பாக்கி. வாசல்வரை வந்து, "பவித்ராவுக்கு ட்யூட்டி பாக்கறதெல்லாம் நாந்தான் பழக்குனேன்" என்றாள்.  நேற்றிலிருந்தே அவளோடு எனக்குப் பேச்சு இல்லை.

பிப்ரவரி 8, சனி

கை வலிக்கிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அப்பா வெள்ளைச் சட்டை. அக்காவுக்கு இன்று வார விடுமுறை. மூன்று பேரும் பஸ்.  சூ. அறையில் படிவம் தயாராக இருந்தது, என் பெயர் எழுதி, போட்டோ ஒட்டி. போட்டோவை எப்போது கொடுத்தார்கள்?

சூ.: "அக்காளாட்ட இருந்தாப் போதும்மா. சொன்ன ட்யூட்டிக்கு ஒரு நாள் மாட்டேன்னு சொன்னதில்ல."

பேனாவைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இங்கே பொய் எழுதக் கூடாது: நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். 'ய' எழுதியும்விட்டேன்.

அக்கா பேனாவை உருவிக்கொண்டாள். "இவ வரமாட்டாங்க மேடம். அசதியில நாந்தான் இவ பேரைச் சொல்லிப்புட்டேன். அது என் தப்பு." ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரு மாசம் நோட்டீஸ். எட்டு மணி நேரம்தான் பாப்பேன். சர்டிபிகேட் எம்பேர்ல இருக்குதுங்க, எடுத்துக் குடுங்க. வாங்காம எந்திரிக்க மாட்டேன்."

அப்பா: "சுதா! பேசுன பேச்சுன்னு ஒன்னு இருக்குது."

"அது நீங்க பேசுனதுங்கப்பா. நான் பேசுல."

அப்பா எழுந்து போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம், 10.20 முதல். சூ. போனில் பேசினார், டீ குடித்தார், திட்டினார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "வார்டுல ஆளில்லாமக் கெடக்குது சிஸ்டர். உனக்கு மனசே இல்லையா?" என்றார். அதற்குத்தான் அக்கா வார்டுக்குப் போகக் கொஞ்சம் எழப் பார்த்தாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். 

"இன்னைக்கு எனக்கு லீவுங்க மேடம்" என்றாள்.

2.40க்கு ஃபைலை மேசையில் வீசினார். நாலு தாளும் இருந்தன.

பஸ் ஸ்டாண்டு கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா. அக்கா மூன்றாவது கேட்டாள். பாதியில் அழ ஆரம்பித்தாள், மென்றுகொண்டே. "உன் பேர நான் எப்பிடிடி சொன்னேன்?" என்று கேட்டாள்.  அவளை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சரிபார்ப்பு முடிந்தது. முடிவு தெரியப் பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். அங்கிருந்து நேராக மதிய ட்யூட்டிக்குப் போய், எட்டு மணி நேரம் முடிந்ததும் கிளம்பி வந்துவிட்டாள். மாற்று நர்ஸ் வந்தாரா என்று கேட்டேன்.

"இல்ல. பவித்ராவ நிறுத்தியிருக்காங்க."

சொல்லிவிட்டுப் படுத்தாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

அப்பா எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. "அதுகளுக்குச் சோறு போடு" என்கிறார் அம்மாவிடம்.

பிப்ரவரி 12, புதன்

சாயங்காலம் பட்டறைக்கு டீ கொண்டுபோனேன். செல்வியக்கா தறிக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா செய்தது அவர் காதுக்கும் போயிருக்கும்.

"ஏனுங்கண்ணா, இந்த மாசத்தோட நின்னுக்கறேனுங்க. இடுப்பு நெம்ப முடியல."

"நின்னுக்க. உனக்குப் பதிலா ஒரு ஆளை நிறுத்திட்டு நில்லு" என்றார் அப்பா. சட்டையைத் தட்டிக்கொண்டே, "உன்ற பொண்ணு எத்தனாவது?"

"ஒம்பதாவதுங்க."

"பரீட்சை முடியட்டும், வரச் சொல்லு."

செல்வியக்கா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான். என் கையில் டீ டம்ளர். சுட்டது. கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள், அக்கா ட்யூட்டியில். நாளைக்கு அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்வேனா?

தறி நின்றுவிட்டது. நாலும்.

அப்பா சாப்பிட வரும் நேரம் இல்லை. இந்நேரம் தறியில் நிற்பது செல்வியக்கா. நூல் அறுந்தால் ஒரு தறிதான் நிற்கும். கரண்ட் போயிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

லைட் எரிகிறது.