டெப்போ தெருவின் வெள்ளக்கோடு

மார்ச் 3, திங்கள்

பெருந்திட்டத்தின் வரைவு இன்று மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த இருபது வருடங்களுக்கு வெர்ராபாவில் எந்த நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று அது சொல்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆட்சேபம் எழுதித் தர இருபத்தெட்டு நாள். என் பெயர் கடைசிப் பக்கத்தில் ‘தகவல் உதவி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது, அட்டைக்குப் படம் எடுத்தவனுக்கு அடுத்து. இந்த நகராட்சியின் திட்டப் பிரிவில் எனக்கு இது முப்பத்துநான்காவது வருடம்.

மார்ச் 5, புதன்

கிர்ஸ்டனிடம் மறுபடியும் வாக்குவாதம். சிட்னியிலிருந்து வந்து எங்களுக்கு இயக்குநராகி இரண்டு வருடம்தான் ஆகிறது. வெள்ளத்தில் மக்கள் வெளியேறும் சாலைகள் பற்றி நான் எழுதிய நாற்பது பக்கத்தை அரைப் பக்கமாக்கிவிட்டாள்.

“நெவில், இது நிலத் திட்டம். மீட்புப் படையோட கையேடு இல்ல.”

பெருந்திட்டத்தில் என்ன இருக்கவேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று எழுது என்பேன். அது வரும்போது எந்தச் சாலை கடைசியாக மூழ்கும், முதியோர் இல்லத்துப் பேருந்து எங்கே காத்து நிற்கும், கரும்பு லாரி எங்கே திரும்பும், செத்தவர்களைப் புதைக்க இன்னும் எத்தனை வருடத்துக்கு இடமிருக்கிறது. எந்த நிலத்தைத் தொடாமல் விடுவது என்பதும் திட்டம்தான். கடைகளும் வீடுகளும் அதற்கப்புறம். இவர்கள் ஆற்றங்கரை நடைபாதைக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், விளக்குக் கம்பத்தின் நிறம் உட்பட.

ஆனால் வெள்ள வரைபடம் என்னுடையது. கணக்கைப் போட்டது ஆலோசனை நிறுவனம். அந்தக் கணக்கு நிற்பது என் இருபத்துமூன்று குறிகள் மேல். 1974 வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவர்களிலும் கதவு நிலைகளிலும் மக்கள் போட்டுவைத்த கோடுகளை 2003இல் வீடு வீடாகப் போய் மட்டம் பார்த்துப் பதிந்தவன் நான். அது இல்லாமல் அவர்களால் ஒரு கோடு போட்டிருக்க முடியாது.

அந்தக் கோட்டின்படி டெப்போ தெரு முழுக்கச் சிவப்பு. அறுபத்தொரு வீடு. சிவப்பில் புதிதாகக் கட்ட முடியாது, வங்கி கடன் தராது. தெருவுக்குப் பின்னாலிருக்கும் டாரல் மெக்கீயின் மாட்டுப்பண்ணை நிலமும் சிவப்பு. நாற்பது ஏக்கர், நூற்றிருபது மனைக்கு வரைபடம் தயாராக வைத்திருந்தான். பன்னிரண்டு வருடம் முன்பு, கவுன்சிலராக இருந்தபோது, என் திட்டத்தை மன்றத்தில் எல்லார் முன்னாலும் குப்பைக் கூடையில் போட்டுக் காட்டியவன். இயக்குநர் பதவி எனக்கு வராமல் போனது அன்றுதான்.

வரைபடத்தைப் பார்த்த அன்று மதியம் இறைச்சி அடைத்த மீட் பை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டேன். பொய் எழுதி என்ன பயன்? மகிழ்ச்சியாக இருந்தது.

மார்ச் 8, சனி

இரும்புக்கடை வாசலில் தீயணைப்புப் படைக்காக சாஸேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் டாரல்.

“என்ன நெவ், கடைசியில பழி வாங்கிட்ட போலிருக்கு?”

“ஆத்துக்கிட்ட கேளு. நான் கோடு மட்டும்தான் போடுறேன்.”

“அதான் தெரியுமே. முப்பது வருஷமா கோடுதான் போடுற. ஒரு கோழிக்கூண்டாவது கட்டியிருக்கியா?”

வரிசையே சிரித்தது. வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது. எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

டெப்போ தெரு பதினான்காம் எண் ட்ரூடி வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

“வீட்ட வாங்கறேன்னு கையெழுத்துப் போட இருந்தவன், உன் படம் வந்த மறுநாளே ஓடிட்டான் நெவில். எனக்கு இருக்கறது அந்த ஒரு வீடு. இடுப்பு போச்சு, அடுத்த வருஷம் பஸ் ஓட்ட முடியாது. அத வித்துத்தான் மககிட்டப் போகணும். இப்ப யாருக்கு விக்க? தவளைக்கா?”

“ஆட்சேபம் எழுதிக் குடு ட்ரூடி.”

“என்னன்னு எழுத? தண்ணி வரலைன்னா? வந்துச்சே. அப்பா நிலையில கோடு போட்டு வச்சிருக்காரே, நீதான அளந்துட்டுப் போன!”

ஆமாம். அந்தத் தெருவில் இருக்கும் ஒரே குறி அவள் வீட்டில்தான். அவள் அப்பா போட்ட கோடு.

மார்ச் 14, வெள்ளி

ட்ரூடியின் ஆட்சேபத்துக்காகக் குறியைப் புதிதாகப் படம் எடுக்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கூடத்துக் கதவு நிலையில் பென்சில் கோடு, மேலே வார்னிஷ். பக்கத்தில் அவள் பிள்ளைகளின் உயரக் கோடுகள். படம் எடுத்துவிட்டுப் படியிறங்கும்போது வீட்டுக்கடியில் பார்த்தேன். 2003இல் அங்கே மரச்சட்டப் பின்னல் அடித்து மூடியிருந்தது, இப்போது கழற்றிவிட்டார்கள். வீட்டைத் தாங்கும் கால்கள் எல்லாம் இரும்பு, மரமில்லை. அறுபது வருடத்து மர வீட்டுக்கு இரும்புக் கால்.

“இது எப்ப மாத்தினது?”

“தூக்கினப்பதான். தொண்ணூத்தொண்ணுல. ஜாக்கி வச்சு நாலு நாள்ல தூக்கிட்டாங்க. அடுப்புல கெட்டில் வச்சபடியே.”

“எவ்வளவு தூக்கினாங்க?”

“இப்ப வீட்டுக்கடியில காரு விடறேன். நீயே பாத்துக்கோ.”

“இத ஏன் எங்கிட்ட அப்ப சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? தெருவுல யாரு தூக்கல? கால்சட்ட மாத்துனத ஊருக்குச் சொல்லுவாங்களா?”

அந்த வருடம் ஊரில் பாதி வீடு தூக்கப்பட்டது. இங்கே வீட்டைத் தூக்குவது கூரைக்கு வர்ணம் அடிப்பது மாதிரி. கோடு 1974இல் போட்டது. வீடு 1991இல் மேலே போனது. கோடும் அதோடு போனது. நான் 2003இல் மட்டக் கருவியும் அளவுக் கோலுமாக வந்து, மேலே போன கோட்டை அளந்து, வெள்ளம் என்று எழுதிக்கொண்டு போனேன். அவள் அப்பா பியர் கொடுத்தார். குடித்தேன். கீழே குனிந்து பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

தூக்கியது ஒரு மீட்டர் பத்து சென்டி இருக்கும். கண்ணை மூடினால் அதுதான்.

மார்ச் 17, திங்கள்

பழைய கோப்பறைக்குப் போனேன். டெப்போ தெரு 14, வீடு உயர்த்த அனுமதி. ஒரு மீட்டர் பத்து. கீழே முத்திரை, முத்திரைக்குள் சுருக்கொப்பம். அது என்னுடையது. பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அந்த மாதம் மட்டும் இப்படி எழுபது போட்டிருப்பேன்.

அந்தக் குறியை எடுத்துவிட்டுக் கைக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். டெப்போ தெரு சிவப்பிலிருந்து வெளியே வருகிறது. டாரலின் நிலத்திலும் பெரும்பகுதி வருகிறது.

கோப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? யாருக்கும் தெரியாது. கணக்கு அதிகப் பக்கம்தான் தவறியிருக்கிறது. யாரும் மூழ்கிச் சாகப்போவதில்லை. எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தப்பு — இப்படி எழுதுகிறேனே, இதையே கிர்ஸ்டன் சொன்னால் விட்டிருப்பேனா?

சொன்னா என்ன? முப்பத்துநாலு வருஷத்துல என் பேரு சொல்ல இருக்கறது அந்தக் குறிப் பட்டியல் ஒண்ணுதான். அதையும் நானே போய்க் கிழிச்சுப் போடணும். போட்டா, அந்தப் பய நூத்திருபது மனை போட்டு, தெருவுக்கு அவன் பேரையும் வச்சுக்குவான். மெக்கீ அவென்யூ. அதுல நான் வரி கட்டிக்கிட்டு நடக்கணும்.

நூறு பேருக்கு முன்னாடி குப்பையில போட்டானே. இன்னைக்கு நினைச்சாலும் காது சுடுது.

மார்ச் 24, திங்கள்

காலையில் சாலை முனையில் பள்ளிப் பேருந்து நின்றது. ட்ரூடி ஜன்னலைத் திறந்து, “ஆட்சேபத்த எழுதிட்டேன். ‘எங்க வீட்டக் கொஞ்சம் நல்லாப் பாருங்க’ன்னு மட்டும் எழுதியிருக்கேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல” என்றாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நல்லாப் பார்க்க வேண்டியவன் நான்தானே?

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கோப்பை கிர்ஸ்டன் மேசையில் விரித்து வைத்தேன். அவள் முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் முத்திரையைப் பார்த்தாள்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

“ரெண்டு வாரம்.”

“ஆமா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதைவிட மோசமான ஒன்றைக் கேட்டாள்.

“மத்த இருபத்திரெண்டு வீட்ட யாரு தூக்கினா, யாரு தூக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. இந்த ஊரில் மர வீட்டைத் தூக்குவார்கள், லாரியில் ஏற்றி வேறு தெருவுக்கே கொண்டுபோவார்கள். கணக்கு அதிகப் பக்கம்தான் தவறியிருக்கிறது என்று எந்த தைரியத்தில் எழுதினேன்? வேறொரு இடத்தில் குறைவாக இருந்தால்?

ஏப்ரல் 15, செவ்வாய்

மன்றக் கூட்டம், காலை பத்து மணி. கிர்ஸ்டன் என்னையே பேசச் சொன்னாள். அவள் எழுதித் தந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசினேன். குறி, ஜாக்கி, ஒரு மீட்டர் பத்து, என் முத்திரை. இரண்டு வாரம் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். அதை அவள் எழுதித் தரவில்லை.

“அப்ப இவரு முப்பது வருஷமா என்னத்த அளந்தாரு?” என்று ஒரு கவுன்சிலர் மேயரைக் கேட்டார், நான் அங்கே இல்லாத மாதிரி.

பின்வரிசையில் டாரல் எழுந்து கை தட்டினான், தனியாக, நிதானமாக. “பாருங்கய்யா, நெவில் எனக்காகப் பேசுற நாளும் வந்திருச்சு!” கூடமே சிரித்தது. ட்ரூடி மட்டும் சிரிக்கவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முடிவு: தெருவின் தரையையே ஆலோசனை நிறுவனம் தனியாக அளந்து உறுதி செய்துவிட்டதால், டெப்போ தெரு சிவப்பிலிருந்து நீக்கம். டாரலின் நிலம் தெருவைவிடத் தாழ்வு. மற்ற குறிகளைத் திரும்ப அளந்து முடிக்கும்வரை அது நிறுத்திவைப்பு. வெளியேறும் சாலைகள் அதே அரைப் பக்கம்தான். கேட்டேன். “இன்னிக்கா நெவில்?” என்றாள் கிர்ஸ்டன்.

ஏப்ரல் 16, புதன்

என் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பதவிப் பெயரிலிருந்து ‘முதுநிலை’ போயிற்று. குறிகளைத் திரும்ப அளக்கும் வேலை எனக்கு. தண்டனையா என்று கேட்டேன். “வேற யாருக்கு அந்த வீடுங்க தெரியும்?” என்றாள் கிர்ஸ்டன்.

மே 6, செவ்வாய்

ஐந்து வீடு முடிந்தது. கதவைத் தட்டியதும் முதல் கேள்வி: இந்த வீட்டைத் தூக்கியிருக்கிறீர்களா, நகர்த்தியிருக்கிறீர்களா, நிலையை மாற்றியிருக்கிறீர்களா? பிறகு மண்டியிட்டு அடியில் பார்க்கிறேன். முழங்கால் வீங்கிவிட்டது. ஐந்தில் ஒன்று பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வந்த வீடு. அந்தக் கோடு வேறோர் ஆற்றின் வெள்ளம்.

ட்ரூடியின் வீட்டு வாசலில் ‘விற்கப்பட்டது’ பலகை.

மே 22, வியாழன்

ஒன்பதாவது வீடு. டாரலுடையது. அவன் அப்பா சமையலறைச் செங்கல் சுவரில் உளியால் செதுக்கிய கோடு. நேற்றிரவு முழுக்க இதைத் தள்ளிப்போட வழி தேடினேன்.

மூன்று கேள்வியையும் கேட்டேன். “செங்கல் வீட்ட எங்கத் தூக்க?” என்றான். ஆனாலும் குனிந்து அஸ்திவாரத்தைப் பார்த்தேன். அவன் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தான். எனக்குக் கோல் பிடிக்க இன்று ஆள் வரவில்லை, காய்ச்சலாம். டாரல் கேட்காமலே கோலை எடுத்துக்கொண்டான்.

“இது எனக்குச் சாதகமா வருமா, பாதகமா வருமா?”

“அளந்தாத்தான் தெரியும்.”

“தெரிஞ்சாலும் சொல்ல மாட்ட.”

“எழுதறப்ப பாத்துக்கோ.”

“சரி, நேராப் பிடிக்கவா, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கவா?” சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டான்.

“நேரா” என்றேன்.

கருவி வழியே பார்த்தேன். ஒன்றிரண்டு முறை ஆடினான், பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கோலில் இருந்த ரசமட்டக் குமிழி நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. படித்து எழுதிக்கொண்டேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சரிபார்க்க இரண்டாம் முறையும் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான்.