கறுப்புப் பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு, பெங்களூரிலிருந்து தமிழ்ச்செல்வி எழுதுவது. நான் சுகம். உன் கால் வீக்கம் வற்றியதா? விளாங்குடி வீட்டில் தனியாகப் படுக்காதே.

அண்ணன் காரியத்துக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். அன்றைக்குத்தான் கம்பெனியில் சூப்பர்வைசர் படிப்புக்குப் பரீட்சை வைத்துவிட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான் படிக்க வேண்டும், டீச்சரம்மாவுக்கும் அதிலேயேதான் எழுத வேண்டும். அண்ணன் தவறியதைச் சொல்லி, பரீட்சையைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதினேன்.

எழுதுகிற இடத்தில் எழுத்தைத் தடியாக்க, கலர் பூச என்று புதுசாகப் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். இழவுச் செய்தியாச்சே, ஓரத்தில் கறுப்பு தடவ வேண்டாமா என்று கறுப்பை அமுக்கி, கையோடு அனுப்பியும் விட்டேன். அது ஓரத்தில் நிற்காமல் எழுத்தின் மேலெல்லாம் அப்பி, ஒரு வரிகூடத் தெரியவில்லை.

“கலர் அடிச்சு விளையாடாதீங்கம்மா, படிக்கிற வழியைப் பாருங்க” என்று பதில் வந்தது. கலர் இல்லாமல் திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. இம்புட்டுப் பொத்தானை எவன் கேட்டான்?

கம்ப்யூட்டர் ரூமில் ஏசி குளிருகிறது. அண்ணனின் முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்பு. வீங்கின காலோடு நீ துவைக்க வேண்டாம், கிடக்கிறபடியே அனுப்பு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. இந்தத் தாளில் எங்கும் கறுப்பு தடவவில்லை. இழவுக் கடிதம் மாதிரி படித்ததும் கிழித்துப் போடாமல், வைத்துக்கொள்.

உன் மகள்
தமிழ்ச்செல்வி