சாயம் தின்னாத எலிகள்

டாக்டர்,

இன்று எலி உறுப்புகள் வந்த பாட்டில் ஒன்றின் மூடி கழன்று, ஃபார்மலின் நெடி என் அறை வரை வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். இப்போது அதில் வேறொருவர் உட்காருகிறார். நல்ல மனிதர்தான், எதையும் சந்தேகப்படமாட்டார். அதனாலேயே அவர்மேல் எனக்குச் சந்தேகம்.

பனியன் துணிக்கான அந்தப் புதுச் சாயம் நினைவிருக்கிறதா? சில எலிகளுக்குச் சாயம் கலந்த தீனி, ஒப்பிட்டுப் பார்க்க மற்றவற்றுக்கு வெறும் தீனி. நீங்கள் மைக்ராஸ்கோப்பில் சிறுநீரகங்களைப் பார்த்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பெண் போட்டீர்கள். நான் புள்ளியியல் கணக்குப் போட்டு, இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை, சாயத்தால் பாதகமில்லை என்று துள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, சாயமே திங்காத எலிக்குக் கிட்னி எதுக்குங்க கெட்டுக் கிடக்குது?" என்றீர்கள்.

வயதாகியிருக்கும் என்றேன். "அத்தனையும் இளசுங்க" என்று சிரித்தீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கணக்கு வித்தியாசம் உண்டா என்று மட்டும்தான் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் வாயை மூடிக்கொள்ளும். அது எனக்கும் தெரியும். உங்கள் வாயால் கேட்கத்தான் பிடிக்கவில்லை.

எந்தக் கூட்டத்து ஸ்லைடு என்று தெரியாதபடி கலைத்துப் போட்டு மறுபடி பார்த்தீர்கள். அதே முடிவு. தீனி மூட்டையை முகர்ந்தீர்கள், கூண்டுகளைத் தட்டினீர்கள், கடைசியில் குழாயடியில் போய் நின்றீர்கள். ஃபில்டர் பழுதாகி, எல்லா எலிகளும் போர்வெல் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்தன. சாயப்பட்டறைகளுக்கு நடுவில், அவற்றின் கழிவு இறங்கும் மண்ணில் இருக்கும் போர்வெல்.

மேனேஜர் அசரவில்லை. "நாமளும் அதைத்தானுங்க டாக்டர் குடிக்கறோம்?" என்றார்.

நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தீர்கள். நல்ல தண்ணீர் கொடுத்து ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். அப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சாயம் சந்தைக்குப் போகவில்லை.

பிறகு உங்கள் சிறுநீரகங்கள் போயின. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. உங்கள் காரியம் முடிந்த அன்று உங்கள் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க கணக்குப் பாக்கறவருங்களே, அந்தத் தண்ணிதானுங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். பொய்யில்லை. ஆனால் அன்றிலிருந்து தம்ளரைக் கையில் எடுத்தாலே சந்தேகம் வந்துவிடுகிறது. அவருக்குப் பதில் சொல்ல, அந்தத் தண்ணீரைக் குடிக்காத கூட்டம் ஒன்று வேண்டும். தேடிக்கொண்டேதான் இருக்கிறேன், டாக்டர். திருப்பூரில் இன்னும் ஒருவரும் அகப்படவில்லை, நானும் தேறமாட்டேன்.